ஷான்சி முன்னாள் கட்சிச் செயலாளர் ஜாவ் ஜெங்யோங் வழக்கு

ஜார்ஜ்டவுன்வாசி:
சியானைத் தலைநகராகக் கொண்ட ஷான்சி மாகாணத்தின் முன்னாள் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் ஜாவ் ஜெங்யோங்கிற்கு மரண தண்டனை என்கிறார்கள் இங்குள்ள சீன நண்பர்கள். ஆனால் அவர் சிறையில் இருப்பதாகவும் சொல்கிறார்கள். அவரை வீழ்த்தியது லஞ்சமா, மலையடிவார வில்லாக்களா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
இரண்டும்தான், ஐயா. அன்ஹுய் மாகாணத்தில் காவல்துறைத் தலைமை வரை உயர்ந்த அவர், 2001இல் ஷான்சிக்கு மாற்றப்பட்டு, ஆளுநராகி, 2012 முதல் 2016 வரை கட்சிச் செயலாளராக இருந்தார். சின்லிங் மலையடிவாரத்தில் சட்டவிரோதமாக எழுந்த வில்லாக்களை அகற்றுமாறு அதிபர் ஷி ஜின்பிங் 2014 முதல் பலமுறை அறிவுறுத்தியும், மாகாணத் தலைமை பெயரளவுக்கே செயல்பட்டது. 2018இல் பெய்ஜிங் நேரடியாகத் தலையிட்ட பிறகுதான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வில்லாக்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. 2019 ஜனவரியில் அவர்மீதான விசாரணை அறிவிக்கப்பட்டது. என் பார்வையில், மேலிடத்தின் சினத்தைக் கிளறியவை வில்லாக்கள். நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுத் தந்ததோ 71.7 கோடி யுவான் லஞ்சம், அதாவது 40 கோடி ரிங்கிட்டுக்கும் மேல்.

கிள்ளான்சாலை:
2020 ஜூலையில் தியான்ஜின் நீதிமன்றம் விதித்தது ஈராண்டு ஒத்திவைக்கப்பட்ட மரண தண்டனை. அக்காலம் முடிந்ததும் அது ஆயுள் சிறையாகும். தண்டனைக் குறைப்போ பரோலோ கிடையாது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தந்த இந்த முறையில், 2016இல் முதலில் தண்டிக்கப்பட்டவர் யுன்னான் மாகாணத்தின் முன்னாள் கட்சிச் செயலாளர் பாய் என்பெய். லஞ்சத்தின் ஒரு பகுதி ஜாவின் கைக்கு வந்து சேராததும், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் சலுகைக்குக் காரணங்களாயின.

ஜார்ஜ்டவுன்வாசி:
நன்றி. கட்சியிலிருந்து நீக்கியது தீர்ப்புக்குப் பிறகா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
இல்லை, அதற்கு முன்பே. அங்கே கட்சியின் ஒழுங்கு ஆணையம் விசாரித்து நீக்கிய பின்னரே வழக்கு நீதிமன்றத்திற்குப் போகும்.