தி க்ராம்ப்ஸ் முதல் ஆல்பம்: பேய்க்கதை எதுக்கு, பேஸ் கிதார் எங்க?

பின்னிரவு:

வணக்கம் மக்களே. வெட்னஸ்டே சீரிஸ்ல வர்ற அந்த டான்ஸ் சீனைப் பாத்துட்டுதான் நான் தி க்ராம்ப்ஸ்ங்கற அமெரிக்க ராக் பேண்டு பக்கமே வந்தேன். கூ கூ மக் பாட்டை ஒரு வாரம் விடாம கேட்டுட்டு, சரி முதல்ல இருந்தே வருவோம்னு அவங்க முதல் ஆல்பம் சாங்ஸ் தி லார்ட் டாட் அஸ், 1980ல வந்தது, அதைப் போட்டேன். மூணு நாளா இதுதான் ஓடுது, ஆனா பிடிச்சிருக்கா இல்லையான்னு இன்னும் சொல்லத் தெரியல.

சவுண்டு ஏதோ காலி குடோனுக்குள்ள ஒரு மூலையில மைக் வச்சு பதிவு பண்ண மாதிரி இருக்கு, ஹெட்ஃபோன்ல பேஸை எவ்வளவு ஏத்தினாலும் அடியில ஒண்ணும் வரமாட்டேங்குது. அப்புறம் இவங்க பாணி ராக்கபில்லிங்கறாங்க, ஆனா ராக்கபில்லின்னா நான் நினைச்சுட்டு இருந்தது எல்விஸ் ஆரம்பத்துல பாடினது, கார்ல் பெர்கின்ஸ் பாடினது, துள்ளலா காலைத் தட்டிக்கிட்டே கேக்கற பாட்டு. அதுல போய் ஸோம்பி, ஓநாயா மாறுற பையன், காதலி தலையை வெட்டி டிவிக்குள்ள வைக்கிறவன்னு (முதல் பாட்டே அதுதான்) எதுக்கு இதையெல்லாம் கொண்டு வந்து ஒட்டணும்? வெறும் வேஷமா, இல்ல மெய்யாவே உள்ள ஏதாவது இருக்கா? அதோட 13 பாட்டுல அஞ்சு வேற யாரோ பாடின பழைய பாட்டு, முதல் ஆல்பத்துல யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?

தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க. புரிஞ்சு கேக்கணும்னு ஆசையா இருக்கு.

ஊசிமுனை:

நல்ல கேள்வி பாஸ், ஆனா ஒட்டினதுன்னு சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன்.

1954ஐ எடுத்துக்கோங்க. ஏப்ரல் மாசம் அமெரிக்க செனட் கமிட்டி ஒண்ணு காமிக்ஸ் புத்தகங்களை விசாரிக்குது, பசங்க கெட்டுப்போறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு. டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்ங்கற பேய்க்கதை காமிக்ஸ் போட்ட இ.சி. கம்பெனிக்காரரே முன்வந்து நேர்ல பதில் சொன்னாரு. அந்த வருஷமே காமிக்ஸ்ல என்ன போடலாம், போடக்கூடாதுன்னு காமிக்ஸ் கோடுங்கற விதிகள் வந்துச்சு, பேய்க்கதை காமிக்ஸுக்கு கிட்டத்தட்ட மூடுவிழா. அதே வருஷம் ஜூலையில மெம்ஃபிஸ்ல சன் ஸ்டுடியோவுல எல்விஸ் தன்னோட முதல் சிங்கிளைப் பாடறாரு. கொஞ்ச நாள்ல அந்தப் பாட்டையும் பெரியவங்க அதே வாயாலதான் திட்டினாங்க. 1957ல யுனிவர்சலோட பழைய பேய்ப்படங்கள் 52ஐ ஒரே கட்டா டிவி ஸ்டேஷன்களுக்குக் கொடுத்தாங்க, ஊருக்கு ஊர் ராத்திரி ஷோ ஆரம்பிச்சுச்சு, படத்துக்கு நடுவுல பொணம் மாதிரி மேக்கப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து பேசுவாரு. ஐ வாஸ் எ டீனேஜ் வேர்வுல்ஃப் படம் வந்ததும் அந்த வருஷம்தான், ஆல்பத்துல நாலாவது பாட்டோட பேரே அது. இதையெல்லாம் யாரு பாத்திருப்பாங்க? ரேடியோவுல ராக்கபில்லி கேட்ட அதே பசங்கதான், அதே ரூம்ல, அதே ராத்திரியில.

பாடகர் லக்ஸ் இன்டீரியர் ஒஹாயோவுல ஆக்ரன் பக்கம் வளர்ந்தவர். பக்கத்துல க்ளீவ்லண்ட். அங்க ரேடியோவுல பீட் மையர்ஸ்னு ஒருத்தர், மேட் டாடிங்கற பேர்ல, பேசறதையே எதுகை வச்சுதான் பேசுவாரு; இந்த ஆல்பத்துல தி மேட் டாடி பாட்டு அவருக்காக. அப்புறம் 1963ல இருந்து 66 வரைக்கும் டிவியில கூலார்டி, ஒட்டுத்தாடி வச்சுக்கிட்டு மட்டமான பேய்ப்படமா போடுவாரு. அவர் அடிக்கடி சொல்ற ஸ்டே சிக்கைத்தான் க்ராம்ப்ஸ் 1990ல ஒரு ஆல்பத்துக்கே பேரா வச்சாங்க. அவங்க லோகோ எழுத்தைப் பாருங்க, டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட் அட்டை எழுத்தேதான். சின்ன வயசுல உசுரா இருந்ததை 30 வயசு தாண்டியும் அதே மரியாதையோட வச்சிருந்தவங்க இவங்க. வேஷம்னா இத்தனை வருஷம் தாங்காது.

ஆல்பம் பேருக்கு அர்த்தம் கர்த்தர் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடல்கள். கேலின்னு தோணலாம், எனக்கு அப்படித் தோணல. 1957ல சன் ஸ்டுடியோவுல ஜெர்ரி லீ லூயிஸ், கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர் பாட வந்துட்டு, இது பிசாசோட இசைன்னு ஸ்டுடியோ ஓனர் சாம் ஃபிலிப்ஸ்கிட்ட சண்டை போட்ட டேப் இருக்கு, தேடிக் கேளுங்க. அவர் விளையாட்டுக்குப் பேசல, குரல்ல அவ்வளவு தவிப்பு. ராக்கபில்லிக்குள்ள பேய் பயம் பொறந்தப்பவே இருந்துச்சு, மத்தவங்க அதைத் துடைச்சுட்டு துள்ளலை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, க்ராம்ப்ஸ் துடைக்கல.

நாலாம்தந்தி:

நான் பேஸ் வாசிக்கறவன், அதனால இந்த ஒரு விஷயத்தை நான் சொல்லிடறேன். உங்க ஹெட்ஃபோன்ல ஒரு குறையும் இல்ல. பாட்டுக்கு அடிச்சத்தம் தர்ற பேஸ் கிதாரே இதுல கிடையாது. ரெண்டு கிதார், ட்ரம்ஸ், குரல், அவ்வளவுதான் பேண்டு. பாய்சன் ஐவி ஒரு பக்கம் சுத்தமா, தனித்தனியா நோட்டுகளைச் சுண்டி வாசிப்பாங்க, ப்ரையன் க்ரெகரி இன்னொரு பக்கம் ஃபஸ்ஸைப் (கிதார் சத்தத்தைக் கரகரப்பாக்கற எஃபெக்ட்) போட்டு இரைச்சலா ஒரு சுவர் எழுப்புவாரு. நிக் நாக்ஸ் அலட்டலே இல்லாம ஒரே அடியைப் பிடிச்சுக்கிட்டு போவாரு, நடுவுல ஃபில்னு கூடுதல் அடிகளைப் போட்டு கைவேலை காட்டணும்ங்கற ஆசையே அவருக்குக் கிடையாது. 1986ல எ டேட் வித் எல்விஸ் ஆல்பத்துல ஐவியே பேஸும் வாசிக்கற வரைக்கும் இப்படித்தான்.

குடோன் சவுண்டுன்னு சொன்னீங்களே, அது மெம்ஃபிஸ். 1979ல சாம் ஃபிலிப்ஸோட ஸ்டுடியோவுலயே போய் பதிவு பண்ணினாங்க (பழைய சன் ஸ்டுடியோ இல்ல, அதுக்கப்புறம் அவர் கட்டினது). ப்ரொட்யூசர் அலெக்ஸ் சில்டன், 16 வயசுல பாக்ஸ் டாப்ஸ் பேண்டுல தி லெட்டர் பாடி நம்பர் ஒன் போனவர், பின்னால பிக் ஸ்டார் பேண்டு. மெம்ஃபிஸ் சவுண்டோட உயிரே ஸ்லாப்பேக் எக்கோதான். ஒரு டேப் மெஷின்ல பதிவாகறதை இன்னொண்ணுல கொஞ்சமே கொஞ்சம் தாமதமா திருப்பி விடறது, ஒரு செகண்டுல கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு, ஒரே ஒரு தடவை. குரலுக்குப் பின்னாலயே இன்னொருத்தன் நின்னு பாடற மாதிரி இருக்கும்.

இது எனக்கு எப்படி விளங்குச்சுன்னா, எங்க ப்ராக்டிஸ்ல இந்த ஆல்பத்துல வர்ற கார்பேஜ்மேன் பாட்டை எடுத்தோம். டிலே பெடல்ல 120 மில்லிசெகண்டு, ஒரே ரிப்பீட்டு, மிக்ஸை நல்லா ஏத்தி வச்சாச்சு. முதல்ல நானும் சேந்து வாசிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, சாதாரண ராக் பாட்டு. அப்புறம் பேஸைக் கழட்டி வச்சுட்டு கீழ உக்காந்து கேட்டேன். ஃபஸ் கிதார்க்காரன் அடித் தந்தியை உள்ளங்கையால லேசா அழுத்தி உறும விட்டான், மேல அந்த எக்கோ அலையுது, நடுவுல ஒரு பள்ளம். ராத்திரி மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கும்னு கால் வைப்போம், படி இருக்காது பாருங்க, பாட்டு முழுக்க வயித்துல அந்த உணர்வு. எனக்கு ஸோம்பி, ஓநாய் எல்லாத்தையும் விட அந்தப் பள்ளம்தான் பயம். பேய்ப்படத்துல கதவு பாதி திறந்திருக்கும்ல, அந்த மாதிரி. வரிகளை எடுத்துட்டாலும் இது ஹாரர் ஆல்பம்தான்.

ரீவெர்ப்_ராணி:

நாலாம்தந்தி சொன்னது அப்படியே உண்மை, நானும் கிதார் வாசிக்கறேன். பாய்சன் ஐவியை இன்னும் நிறைய பேர் அட்டைப்பட அழகா மட்டும் பாக்கறது எனக்கு ரொம்ப வருத்தம். பாட்டு எழுதறது, கிதார் வாசிக்கறது, பேண்டை நடத்தறதுன்னு லக்ஸோட பாதிக்குப் பாதி நின்னவங்க அவங்க. ரெண்டு பேரும் 1972ல கலிஃபோர்னியாவுல சேர்ந்தவங்க, 2009ல லக்ஸ் இறந்த வரைக்கும் பிரியல, அதோட பேண்டும் முடிஞ்சுது. அவங்க வாசிப்புக்குப் பின்னால கிதார்க்காரர் லிங்க் ரேவோட நிழல் இருக்கு. 1958ல வந்த அவரோட ரம்பிள், வார்த்தையே இல்லாத பாட்டு, அதையே சில ரேடியோ ஸ்டேஷன்கள் சண்டையைத் தூண்டும்னு தடை பண்ணாங்க. அதைக் கேட்டுட்டு இந்த ஆல்பத்துக்குத் திரும்பி வாங்க, ஐவி ஒரு நோட்டை அடிச்சுட்டு ஏன் அது அடங்கற வரைக்கும் விடறாங்கன்னு புரியும்.

பழைய பாட்டு ஏன்னு கேட்டீங்க. ரெண்டு பேரும் வெறித்தனமா 45 ஆர்பிஎம் ரெக்கார்டு சேகரிச்சவங்க. டியர் இட் அப் 1956ல ஜானி பர்னெட் பாடினது, ஸ்ட்ரிக்னைன் 1965ல டகோமா பக்கத்து சோனிக்ஸ் பேண்டு, சன்க்ளாஸஸ் ஆஃப்டர் டார்க் பாடின ட்வைட் புல்லனை அன்னைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பாட்டெல்லாம் பழைய கடையில தூசி படிஞ்சு கிடந்துச்சு. குப்பைன்னு தூக்கிப் போட்டதைப் பொறுக்கி எடுத்து, தொடைச்சு, தன் பாட்டு பக்கத்துலயே சமமா வச்சாங்க, கார்பேஜ்மேன், அதாவது குப்பைக்காரன்னு பேர் வச்சது சும்மா இல்ல. அந்தப் பாட்டுல தங்களை பாதி ஹில்பில்லி (மலைப்பக்கத்துப் பட்டிக்காட்டான்) பாதி பங்க்னு அவங்களே சொல்லிக்கறாங்க.

ஆனா தயவுசெஞ்சு இதை முதல் சைக்கோபில்லி (ராக்கபில்லியும் பங்கும் கலந்த இசை) ஆல்பம்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க. அந்த வார்த்தை 1976ல ஜானி கேஷ் பாட்டுல ஒரு கார் பேரா வந்தது, க்ராம்ப்ஸ் அதை நோட்டீஸ்ல போட்டாங்க, அவ்வளவுதான். லண்டன்ல 1980ல ஆரம்பிச்ச தி மீட்டியர்ஸ்தான் அதை ஒரு தனி இசையா ஆக்கினாங்க, அதுல நிமிர்த்தி வச்ச டபுள் பேஸை அறைஞ்சு வாசிக்கறதுதான் முதுகெலும்பு. பேஸே இல்லாத பேண்டை எப்படி அதுல சேப்பீங்க?

ஊசிமுனை:

அதுல நான் கொஞ்சம் வேறுபடறேன் ராணி. வாத்தியத்தை வச்சுப் பாத்தா நீங்க சொல்றது சரி. ஆனா ராக்கபில்லி, பங்க், பேய்ப்படம் மூணையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்ததுல அவங்க முந்தினவங்கதான், 1979ல வந்த கிரேவஸ்ட் ஹிட்ஸ் இ.பி.யிலயே (சில பாட்டு மட்டும் இருக்கற சின்ன ரெக்கார்டு) ஹியூமன் ஃப்ளைங்கற ஈ மனுஷன் பாட்டு இருக்கே. மீட்டியர்ஸ் கண்ணு முன்னாடி அந்தக் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்துச்சு.

ரீவெர்ப்_ராணி:

திறந்து விட்டவங்கன்னா ஒத்துக்கறேன். பின்னிரவு, ஒண்ணு மறந்துட்டேன், வேஷமான்னு கேட்டீங்கல்ல, 1978 ஜூன்ல கலிஃபோர்னியா நாப்பாவுல மனநல மருத்துவமனை நோயாளிகளுக்காக வாசிச்ச வீடியோவை அவசியம் பாருங்க. கறுப்பு வெள்ளை, படம் மங்கல். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல தடுப்பே கிடையாது, நோயாளிகள் ஏறி வந்து லக்ஸ் பக்கத்துல ஆடறாங்க, மைக்ல கத்தறாங்க, அவர் ஒரு இடத்துலயும் அவங்களைத் தள்ளி விடல, கேலியும் பண்ணல, தன்னோட ஆட்களா நடத்தறாரு. எனக்கு அதைப் பாத்த அப்புறம்தான் இந்த ஆல்பம் முழுசா திறந்துச்சு.

நாலாம்தந்தி:

கடைசியா ஒண்ணு மட்டும் பண்ணிப் பாருங்க. ஃபீவர் பாட்டை 1958ல பெக்கி லீ பாடினது கேளுங்க, அதுல கிட்டத்தட்ட பேஸ், ட்ரம்ஸ், விரல் சொடுக்கு மட்டும்தான். உடனே ஆல்பத்தோட கடைசிப் பாட்டைப் போடுங்க.

பின்னிரவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல. நேத்து ராத்திரி லைட்டை அணைச்சுட்டு நாலாம்தந்தி சொன்ன மாதிரியே ரெண்டு ஃபீவரையும் அடுத்தடுத்து கேட்டேன். பெக்கி லீ பாட்டு முழுக்க அந்த பேஸ்தான் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போகுது. க்ராம்ப்ஸ்ல அதைத்தான் எடுத்திருக்காங்க. லக்ஸ் மெதுவா முணுமுணுக்கறாரு, பின்னாலயே அந்த எக்கோ குரல், கீழ ஒண்ணுமே இல்ல. நான் தலையணையைக் கொஞ்சம் சுவர் பக்கமா நகர்த்திக்கிட்டேன். பாட்டு முடிஞ்சதும் ஆல்பத்தைத் திரும்ப முதல்ல இருந்து போட்டேன், முதல் பாட்டு டிவி செட் ஆரம்பிக்கும்போது இந்தத் தடவை பேஸை ஏத்தல.