புதுப்பிப்பு: பத்மநாபபுரம் அரண்மனைக்குள் ஒருவழியாகப் போயாச்சு

பாறசாலையிலிருந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரத்துக்கு, திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய அரண்மனையைப் பார்க்கப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையைப் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். திங்கட்கிழமை விடுமுறை என்று விசாரிக்காமல் போனது என் தப்புதான். இந்த முறை புதன்கிழமை, காலை ஒன்பதுக்கே வாசலில் நின்றோம். மதியம் 1 முதல் 2 வரை சாத்திவிடுவார்கள், அதனால் சீக்கிரம் போவதே நல்லது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அதுவே ஒரு கொடுப்பினை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்கிறார்கள். கருப்புக் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, காலில் ஜில்லென்று ஏறுகிறது. அத்தை குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்து, "நம்ம வீட்டு டைல்ஸ் எதுக்குடே ஆகும்?" என்றாள்.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லையாம். நான் முப்பதுவரை எண்ணினேன், கழுத்து வலித்தது. அங்கேயே குதிரை விளக்கும் தொங்குகிறது.

ஊட்டுப்புரை என்கிற சாப்பாட்டுக்கூடம், 64 வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில் என எல்லா இடத்திலும் வழக்கம்போலக் கூட்டம்.

"தக்கலை தமிழ்நாடுதானே, ஏன் மலையாளப் பலகை?" என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். 1956-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது.

அப்புறம், மாடிப்படிகள் ரொம்பச் செங்குத்து. முட்டுவலிக்காரர்களைக் கூட்டிப்போனால் மெதுவாக ஏற்றுங்கள். அத்தை இரண்டு நாளாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.