ரம்பொடைச் சுரங்கம் உள்ள 1000 ரூபா நோட்டை அச்சடிப்பது யார்?

கொட்டகலை டீச்சர்:
தரம் 10 பிள்ளைகளின் கண்காட்சியில் பணத்தாளுக்கு ஒரு மேசை. 1000 ரூபாவில் ரம்பொடைச் சுரங்கம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். அவர்களுடைய கேள்விகள்: மத்திய வங்கியே இதை அச்சடிக்கிறதா, கம்பனிக்குக் கொடுக்கிறதா? ஒரே பெறுமதியுள்ள இரண்டு நோட்டில் ஒன்றின் வெள்ளை ஓரம் அகலம், மற்றதில் ஒடுக்கம், கள்ள நோட்டா? லமினேட் பண்ணி மாட்டலாமா?

கம்பளை அச்சுக்காரர்:
டீச்சர், வெளியிடுவது மத்திய வங்கி, அச்சடிப்பது கம்பனி. பியகமவில், மல்வானைப் பக்கமுள்ள டி லா ரூ லங்கா தொழிற்சாலை. பெரும்பங்கு பிரித்தானியாவின் டி லா ரூவுக்கு, 40 வீதம் இலங்கை அரசுக்கு. வேறு நாடுகளின் நோட்டும் அங்கே அச்சாகிறது.

ஓரம் பற்றிய கேள்விதான் நல்ல கேள்வி. அதற்கு வேலை நடக்கும் வரிசை தெரிய வேண்டும். நீரடையாளமும் பாதுகாப்பு இழையும் அச்சில் வருபவை அல்ல. பருத்திக் கூழ் தாளாகும்போதே உள்ளே போய்விடுகின்றன. பெரிய தாளாக அச்சகத்துக்கு வந்ததும் முதலில் ஆப்செட்: மெல்லிய பின்னணிக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டத்தில் விழும். அடுத்தது இன்டாக்லியோ, அதாவது குழி அச்சு. தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் கெட்டி மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, பல தொன் அழுத்தத்தில் தாளைப் பள்ளத்துக்குள் அமுக்குவார்கள். நகத்தால் உரசினால் சொரசொரக்கும் மேடு அப்படி வந்ததுதான். இந்த மை காய நாட்கணக்கில் ஆகும். உயரமாக அடுக்கினால் கீழ்த்தாளின் ஈர மை மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இலக்கம், கடைசியில் வெட்டு.

வெட்டு கடைசி என்பதால் ஓரம் ஒரு மில்லிமீற்றர் கூடுவதும் குறைவதும் சாதாரணம். சுரங்கப் படம் பின்னணியை விட்டுச் சற்று விலகியிருந்தாலும் பயப்பட வேண்டாம்: ஆப்செட்டும் குழி அச்சும் வேறு வேறு இயந்திரம், நடுவில் தாள் ஈரம் குடித்து நீளும். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து ஒரே உருவமாகும் பகுதி ஒரே ஓட்டத்தில் விழுந்தது. அது பொருந்தவில்லையென்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

பழைய தாள் பண்டாரவளை:
மேலே சொன்னதோடு சில. 1950கள், 60களின் தாள் கிடைத்தால் கீழ் ஓரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள், பிராட்பரி வில்கின்சன் என்ற இங்கிலாந்து அச்சகத்தின் பெயர் இருக்கும். 1986இல் அதை டி லா ரூ வாங்கியது. 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த 200 ரூபா பிளாஸ்டிக் நோட்டு அவுஸ்திரேலியாவில் அச்சானது. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

அளவுகோலும் வையுங்கள். 2011இல் வெளிவந்த வரிசையில் எல்லா நோட்டும் 67 மி.மீ. அகலம், நீளம் 20 ரூபாவுக்கு 128, அடுத்தடுத்த பெறுமதிக்கு 5 கூடி 5000க்கு 153. யு.வி. டோர்ச் அடித்தால் சாதாரண வெள்ளைக் கடதாசி நீலமாக மின்னும், நோட்டின் பருத்தித் தாள் மங்கலாகவே இருக்கும். சலவைத்தூள் பட்ட நல்ல நோட்டும் மின்னும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

லமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் குழி அச்சின் மேடு அமுங்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது. பொலியெஸ்டர் உறையில் போடுங்கள். பீ.வீ.சீ. அல்பத்தின் எண்ணெய்ப்பசை காலப்போக்கில் மையில் ஒட்டும். நம் பக்கத்து மழை மாதங்களில் பூஞ்சையும் பிடிக்கும், ஆகவே பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கலர் போட்டோக்கொப்பியும் எடுக்க வேண்டாம், மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் நோட்டின் உருவத்தை அச்சிடுவது குற்றம்.

கொட்டகலை டீச்சர்:
மிக்க நன்றி. குழி அச்சை மேசையிலேயே செய்து காட்ட வழியுண்டா?

கம்பளை அச்சுக்காரர்:
உண்டு. பழைய எக்ஸ்ரே படத்தில் கவராய முனையால் ஒரு தேயிலைக் கொழுந்தை ஆழமாகக் கீறச் சொல்லுங்கள். எழுத்து என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றி. கெட்டியான அச்சு மையைப் பூசி, பத்திரிகைத் தாளைத் தட்டையாகப் பிடித்து மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். துணியால் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும். தடித்த சித்திரத் தாளைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒற்றி எடுத்து, மேலே வைத்து, கரண்டி முதுகால் பலமாகத் தேயுங்கள். கோடு வெளிறி வந்தால் காரணம் பெரும்பாலும் தாள் காய்ந்ததுதான். வாட்டர் கலர் மட்டும் வேண்டாம், துடைத்ததும் முழுக்கப் போய்விடும்.