புதுப்பிப்பு: வீடியோவும் ஆடியோவும் விலகிப்போன சிக்கல் தீர்ந்தது

ஃபோனில் வீடியோ, தனி ரெக்கார்டரில் ஆடியோ. தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது, போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

பலர் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பதை, பார்க்கச் சொன்னீர்கள். இரண்டுமே 48 கிலோஹெர்ட்ஸ்தான். 44.1-ல் பதிந்ததை 48 என்று ஓட்டியிருந்தால் குரலே கீச்சென்று ஏறியிருக்கும். இங்கே சுருதி மாறவே இல்லை.

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் வீடியோவைத் திறந்தால், ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் ‘வேரியபிள்’! அதாவது, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் குறையும் இடங்களில் ஃபோன் நொடிக்கு 30 ஃப்ரேமுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எடிட்டிங் மென்பொருளோ சீராக 30 என்றே கணக்குப் போடுகிறது. 30-க்கும், வீடியோவில் வழக்கமான இன்னொரு ஃப்ரேம் ரேட்டான 29.97-க்கும் உள்ள நூலிழை வித்தியாசமே ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி ஆகிவிடும் என்றால், இது எங்கே போய் நிற்கும்!

வீடியோவை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றினேன். பொருத்திப் பார்க்கவென்றே பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டியிருந்தேன். தொடக்கக் கைதட்டலை ஆடியோவின் அலைவடிவம் பார்த்துப் பொருத்தினேன். கடைசிக் கைதட்டலும் சரியான ஃப்ரேமில் விழுந்தது. அவ்வளவு நிம்மதி.

எடிட்டிங் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள், பாதியில் மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும். நீண்ட பதிவுகளில் இரு கருவிகளின் உள்கடிகாரங்கள் ஓடும் வேகத்தில் உள்ள வேறுபாடு கொஞ்சம் மிஞ்சலாம். அதற்கு ஆடியோவைத் துளி நீட்டியோ சுருக்கியோ சரிசெய்துகொள்ளலாம்.