கருவாட்டு வியாபாரத்துக்குச் சொந்த டொமைனில் மெயில்: எங்கே தொடங்குவது?

உவர்மலையாள்

வணக்கம். நானும் மச்சாளும் சேர்ந்து கருவாடு பொதி செய்து விற்கத் தொடங்கியிருக்கிறோம். மீன் திருகோணமலையில் திருக்கடலூரிலும் சல்லியிலும் எடுக்கிறோம், காயப்போடுவதும் பொதி செய்வதும் எங்கள் வளவிலேதான். நெத்தலி, கட்டா, பாரை மூன்றும் இப்போதைக்கு. வியாபாரப் பெயரும் பதிந்தாகிவிட்டது. கொழும்பில் ஒரு ஹோட்டலின் கொள்வனவுப் பகுதி கொட்டேஷன் கேட்டது. மச்சாளின் ஜிமெயிலில் இருந்து அனுப்பினோம், அது ஸ்பாமுக்குள் போய்க் கிடந்து, அவர்கள் போன் எடுத்து “கொம்பனி மெயிலில் இருந்து அனுப்புங்கள்” என்றார்கள். தெரிந்த தம்பி ஒருவர் டொமைன் (இணையத்தில் எங்களுக்கென்று பதியும் பெயர்), வெப்சைட், மெயில் எல்லாம் ஒரே தொகைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். எங்களுக்கு வெப்சைட் இப்போது தேவையில்லை. மெயில் மட்டும் எடுக்கலாமா? டொட் கொம் நல்லதா, டொட் எல்கே நல்லதா? மாதாமாதம் டொலரில் பெரிதாகக் கட்டவும் ஏலாது.

துறைமுகத்தான்

தங்கச்சி, வெப்சைட் இல்லாமலே மெயில் எடுக்கலாம், ஒரு தடையும் இல்லை. டொமைன் பெயர் வேறு, மெயில்பெட்டி வேறு, வெப்சைட் வேறு. மூன்றையும் மூன்று இடத்தில் வைத்திருக்கலாம், பின்னர் ஒன்றை மட்டும் மாற்றவும் செய்யலாம்.

அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், வேலையை அவரிடமே கொடுங்கள், ஆனால் டொமைனை மட்டும் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், உங்கள் கார்டில் வாங்குங்கள். நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடையின் டொமைன் அதைச் செய்து கொடுத்தவரின் பெயரிலேயே இருந்தது. அவர் வெளிநாடு போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லும் கடிதமெல்லாம் அவருடைய பழைய மெயிலுக்குப் போனது, இங்கே ஒருநாள் காலையில் ஓடர் வருவது நின்றுபோனது. டொட் கொம் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது. பொதுவாக முதலில் சில வாரம் சாதாரண விலையில் புதுப்பிக்க விடுவார்கள், அது கடந்தால் 30 நாள் மீட்புக் காலம், அதில் தனியாக ஒரு பெரிய தொகை கேட்பார்கள், அதற்குப் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தக் கடைக்காரருக்கு இது ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் கணக்கே அவரிடம் இல்லை. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வையுங்கள். இன்னொன்று, டொமைன் வாங்கும் கணக்குக்குப் பழைய ஜிமெயிலையே கொடுங்கள். புது முகவரியைக் கொடுத்தால், டொமைன் நின்ற நாளில் பாஸ்வேர்ட் மீட்கும் மெயிலும் உங்களுக்கு வராது.

என்னைக் கேட்டால் கொழும்பு ஹோட்டல்கள்தான் முதல் வாடிக்கையாளர் என்றால் டொட் எல்கே எடுங்கள், பார்த்ததும் இலங்கை வியாபாரம் என்று தெரியும். கனடா, லண்டன் என்று அனுப்பும் எண்ணமிருந்தால் டொட் கொம். எதுவானாலும் போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் பிழையில்லாமல் எழுதக்கூடிய பெயராக இருக்கட்டும்.

கிண்ணியாவான்

மேலே சொன்னது முழுக்கச் சரி. மெயில்பெட்டிக்கு வருவோம்.

ஸோஹோ என்ற மெயில் சேவையில் 5 பேர் வரை ஒரு இலவசத் திட்டம் உண்டு, ஆளுக்கு 5 ஜிபி. பிரவுசரிலும் அவர்களுடைய போன் ஆப்பிலும் பார்க்கலாம், அவுட்லுக் மாதிரி வேறு மென்பொருளில் இணைக்க முடியாது. இரண்டு பேர் நடத்தும் வியாபாரத்துக்கு இது தாராளம், நான் இதிலேதான் தொடங்கச் சொல்வேன். கூகுள் வொர்க்ஸ்பேஸ் (சொந்த டொமைனில் ஜிமெயில் தரும் கட்டணச் சேவை) நல்லது, ஜிமெயில் பழகின கைக்கு இலகு, ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவையில் இலவசமாக மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வருகிற மெயிலுக்கு மட்டும்தான், அந்த முகவரியில் இருந்து அனுப்ப அது உதவாது, உங்கள் பிரச்சினையே அனுப்புவதில்தானே.

ஹோஸ்டிங்கோடு (வெப்சைட் வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) சும்மா தரும் மெயிலை நான் தவிர்ப்பேன். ஒரே சேர்வரில் முன்பின் தெரியாத பல பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினாலும் அந்த சேர்வரின் ஐபி இலக்கம் கறுப்புப் பட்டியலுக்குப் போகலாம், உங்கள் கொட்டேஷனும் அதோடு மாட்டும்.

கார்டில் இணையவழிக் கட்டணமும் வெளிநாட்டுக் கட்டணமும் திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள்.

உவர்மலையாள்

நன்றி அண்ணை, நன்றி சகோதரரே. தம்பியிடம் பேசினேன், டொமைனை நாங்களே வாங்குவதில் அவருக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஓடருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, எங்கள் இருவர் பெயரிலும் ஒவ்வொன்று என்றால் நாலு கணக்கா திறக்க வேண்டும்? அப்புறம், புது முகவரியில் இருந்து அனுப்பினாலும் ஸ்பாமுக்குள் போகாது என்று எப்படி நம்புவது?

நிலாவெளி நெட்

நாலு வேண்டாம் அக்கா. ஆள் இரண்டு, கணக்கும் இரண்டு. ஓடர்ஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாம் மாற்று முகவரியாக அந்தக் கணக்குகளில் சேர்க்கலாம். கூகுளில் ஒரு கணக்குக்கு 30 வரை தனிக் காசில்லாமல் விடுவார்கள்.

ஸ்பாம் விஷயம் பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. அது டொமைன் வாங்கிய இடத்தில் நீங்கள் எழுதி வைக்கும் வரிகளின் பட்டியல். எம்எக்ஸ் வரி உங்களுக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறது. டொமைன் பதிவுசெய்த இடம் ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். எஸ்பிஎஃப் உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்கிறது. இது ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு சேவை பாவித்தால் இரண்டையும் ஒரே வரிக்குள் எழுத வேண்டும், தனித்தனியாக இரண்டு வரி போட்டால் இரண்டுமே செல்லாது. டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் போடும் கையெழுத்து, அதன் சாவி நீளமான எழுத்துக் கோர்வை, போனில் கொப்பி பண்ணும்போது கடைசித் துண்டு விடுபட்டுப் போகும், கம்ப்யூட்டரில் இருந்து செய்யுங்கள். அடுத்தது டிமார்க். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று அதில் சொல்கிறோம். முதலில் கண்காணிப்பு மட்டும் என்று போட்டுவிட்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று கண்டபின் இறுக்கலாம்.

2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம். ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும். நீங்கள் அவ்வளவு அனுப்பப் போவதில்லை, இருந்தாலும் மூன்றையும் போடுங்கள், ஒரு மாலை நேர வேலைதான்.

சோதிப்பது இப்படி: புது முகவரியில் இருந்து மச்சாளின் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ எடுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். மாற்றம் எல்லா இடமும் பரவ இரண்டு நாள் வரை எடுக்கலாம், உடனே வரவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.

துறைமுகத்தான்

இரண்டு பேரும் மெயில் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் (பாஸ்வேர்டோடு போனில் ஒரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போடுங்கள் தங்கச்சி. மெயிலுக்குள் புகுந்து, இன்வொய்ஸில் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பிக் காசு எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு இலக்கம் மாறினால் போனில் எங்கள் குரலில் சொல்வோம், மெயிலில் வந்தால் நம்பாதீர்கள் என்று ஹோட்டல்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உவர்மலையாள்

அதையும் சொல்லி வைக்கிறோம். கடைசியாக ஒன்று, பொதி லேபலில் பழைய ஜிமெயில் முகவரியை அச்சடித்துவிட்டோம். இன்னும் ஒரு கட்டு லேபல் இருக்கிறது.

நிலாவெளி நெட்

லேபலை வீசாதீர்கள். பழைய ஜிமெயிலின் செட்டிங்ஸில் வருவதையெல்லாம் புது முகவரிக்குத் திருப்பிவிடுங்கள், பதிலை மட்டும் புதியதில் இருந்து அனுப்புங்கள். கட்டு முடிந்ததும் அடுத்த அச்சில் மாற்றிக்கொள்ளலாம்.