வகுப்பறையில் ஹிப் ஹாப்பும் பங்க் இசையும்: எவ்வாறு கற்பிப்பது?

கரும்பலகை (கேள்வி):
நான் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிறவெறிக்கு எதிராக எழுந்த போராட்டங்களைப் பற்றிப் பேசும்போது, பாடநூலில் இடம்பெறாத ஹிப் ஹாப், பங்க் ஆகிய இசை வகைகளையும் அறிமுகம் செய்ய விரும்புகிறேன். பாடலை ஒலிக்கவிட்டு அதன் கருத்தை விளக்கினால் போதுமா, அல்லது அந்த இசைக்குள்ளேயே ஒரு கற்பித்தல் முறை இருக்கிறதா என்பதை ஈடுபாடுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

தாளக்கட்டு:
ஐயா, பாடலின் கருத்தை விளக்குவதோடு நின்றுவிட்டால் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும். ஹிப் ஹாப்பின் பிறப்பாகக் கொண்டாடப்படும் நிகழ்ச்சி, 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. பள்ளி திறப்பதற்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் திரட்டுவதற்காகச் சிண்டி கேம்பெல் அதை ஏற்பாடு செய்ய, அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கினார். பாடலின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளைக் கொண்டு நீட்டித்துக்கொண்டே போகும் உத்தியை வளர்த்தவர் அவர். விரைவுச் சாலை ஒன்றுக்காகப் பல்லாயிரம் பேர் வீடிழந்திருந்த பகுதி அது. 1975இன் நிதி நெருக்கடியிலோ மாநகரம் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களைப் பணிநீக்கம் செய்தது. பள்ளி கைவிட்ட இடத்தில், வீட்டிலிருந்த இசைத்தட்டுகளையே கருவியாக்கி, இளைஞர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தனர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியரான கிறிஸ்டோபர் எம்டின் அந்த முறையைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். ராப், அதாவது தாளத்துக்கேற்ப எதுகையோடு வரிகளைப் பேசிப் பாடும் ஹிப் ஹாப் பாணியின் கலைஞரான ஜிசாவுடன் இணைந்து அவர் நடத்திய திட்டத்தில், நியூயார்க் அரசுப் பள்ளி மாணவர்கள் அறிவியல் பாடங்களைத் தாங்களே ராப் வரிகளாக எழுதிப் போட்டியிட்டனர். கருத்து சரியாகப் புரியாதவரால் அதை எதுகையோடும் தாளத்தோடும் சொல்ல முடியாது என்பதால், எழுதுவதே அங்கு தேர்வாகவும் ஆகிவிடுகிறது.

மூன்று கார்டு:
1970களில் எழுந்த எளிய, வேகமான ராக் வகையான பங்க் இசைக்கும் இது பொருந்தும். 1977இல் இங்கிலாந்தில் ரசிகர்களே தயாரித்து வெளியிட்ட ஒரு கையிதழ், கிட்டாரில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகள் (chords) மூன்றை வரைந்து காட்டி, இனி நீங்களே ஒரு குழுவைத் தொடங்குங்கள் என்று எழுதியது. தேர்ச்சி வரட்டும் என்று காத்திராமல் பேசத் தொடங்கலாம் என்ற அந்தத் துணிவே பங்க்கின் முதல் பாடம்.

நீதிக்கான கருவி என்ற வகையில் இங்கிலாந்தின் 'இனவெறிக்கு எதிரான ராக்' (Rock Against Racism) இயக்கத்தை அவசியம் சொல்லுங்கள். 1976 ஆகஸ்டில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்ஹாம் மேடையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசியபோது, சிலர் இசை இதழ்களுக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். அக்கடிதத்திலிருந்தே இயக்கம் பிறந்தது. வெள்ளையர்களின் பங்க் குழுக்களையும் ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை வாசித்த கறுப்பினத்தவரின் குழுக்களையும் அது ஒரே மேடையில் ஏற்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாகச் சென்ற பெருங்கூட்டம், விக்டோரியா பூங்காவில் தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் ஆகிய குழுக்களின் இசையைக் கேட்டது. 1979 தேர்தலில், குடியேறியவர்களை எதிர்த்த தீவிர வலதுசாரி நேஷனல் ஃபிரண்ட் கட்சி படுதோல்வி அடைந்ததற்கு இசையே காரணம் என்று மட்டும் கற்பித்துவிடாதீர்கள். குடியேற்ற எதிர்ப்பு வாக்குகளைத் அத்தேர்தலில் வென்று பிரதமரான மார்கரெட் தாட்சரின் கட்சி ஈர்த்துக்கொண்டதும் ஒரு காரணம்.

கரும்பலகை:
இருவருக்கும் நன்றி. பல ராப் பாடல்களில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் உள்ளனவே. என் வகுப்பில் சரிபாதி மாணவிகள். அதை எவ்வாறு எதிர்கொள்வது?

நடுவரிசை:
மறைக்காமல் எதிர்கொள்ளுங்கள். பங்க் அரங்குகளிலும் ஆண்களின் முரட்டுத்தனமே முன்வரிசையைப் பிடித்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா, வாஷிங்டன் டி.சி. நகரங்களில் 'ரயட் கேர்ள்' என்ற பெண்ணிய பங்க் இயக்கத்துப் பெண்கள் அதே இசையைக் கொண்டு அதைக் கேள்வி கேட்டனர். அவர்களுள் ஒருவரான, பிகினி கில் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, பெண்களை மேடையின் முன்னால் வந்து நிற்கும்படி அழைத்தார். சொல்லத் தயங்கியவற்றைப் பெண்கள் எழுதி, நகலெடுத்து, கையிதழ்களாகப் பரிமாறிக்கொண்டனர். உங்கள் மாணவிகளிடமும் சில தாள்களைக் கொடுத்து, எந்த வரியை ஏற்க மறுக்கிறார்கள், ஏன் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் இடாதீர்கள், பெயர் எழுதும்படியும் கேட்காதீர்கள்.