அப்டேட்: சித்தப்பாவும் ஒத்தை நாத்தும்

திருந்திய நெல் சாகுபடி (சின்ன நாத்த ஒத்தை ஒத்தையா இடைவெளி விட்டு நடற முறை) பண்ணலாம்னு நான் சொல்ல, சித்தப்பா ஒரேயடியா முடியாதுன்னாரு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல. வாதாடாம அவர்கிட்டயே காரணம் கேளுன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, வயலுக்கே கூட்டிட்டுப் போய் காட்டினாரு. 14 நாள் நாத்த ஒத்தையா 25 செ.மீ. விட்டு நடறது மேட்டு வயலுக்கு சரிடா, நம்மளுது கடைமடை, வாய்க்கால் முடியற பள்ளத்து வயல், ஐப்பசி அடைமழைல தண்ணி வடியாம நிக்கும், சின்ன நாத்து மூழ்கி அழுகிடும், அதான் வளந்த நாத்தா நாலஞ்சு சேத்து நடறோம்னாரு. நெஜமாவே அசந்துட்டேன், நான் படிச்ச கையேட்டுல இது இல்ல. ஆனா விதையும் தண்ணியும் மிச்சமாகும்ங்கறத நானும் விடல, கோனோவீடர், அதான் வரிசைக்கு நடுவுல தள்ளிக்கிட்டே களை எடுக்கற கருவி, எப்படி ஓட்டணும்னு அவரும் கேட்டுக்கிட்டாரு. இப்போதைக்கு அடைமழைக்கு முன்னாடி வர்ற குறுவைல மேட்டுப் பக்கம் ஒரு மா (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) மட்டும் ஒத்தை நாத்து, அடைமழைல நிக்கற சம்பா அவர் சொல்றபடி.